ஆறு எண்கள், யாருக்கும் விலக்கில்லை

“உங்க வீட்டுல மொத மொத படிச்சது நீதானே, தங்கச்சி? பூட்டு மேல பூட்டு போடுறேன்னு சொல்லிட்டு, கடைசியில எங்க எல்லாரையும் வெளிய நிக்க வச்சிடாதலா.”

எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் இதைச் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலையில் சேர்ந்து ஐந்தாவது மாதம் அது. ஆறாவது மாத முடிவில் என் வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். சிரித்ததற்காக அன்று முழுவதும் என்மேலேயே எனக்குக் கோபம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. கணினிப் பிரிவில் அவரையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். இயந்திரங்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் உரிய கடவுச்சொற்கள் பல ஆண்டுகளாக ‘பெந்திங்’ என்ற எக்செல் கோப்பில் கிடந்தன. முக்கியம் என்று மலாயில் பெயர் மட்டும் வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் திறக்கும்படி விட்டிருந்தார்கள். பிறகு அவற்றை ஒரு ரகசியப் பெட்டகத்துக்கு மாற்றினோம். பெட்டகம் என்றால் இரும்புப் பெட்டி இல்லை, மென்பொருள்தான். யார் எந்தக் கடவுச்சொல்லை எப்போது எடுத்தார்கள் என்று அது குறித்துவைக்கும். ஆனால் பெட்டகத்தைத் திறக்கும் கடவுச்சொல்லையே எங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதைப் பார்த்த மேலாளர், இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று முடிவு செய்தார். கடவுச்சொல்லுக்குப் பிறகு, அவரவர் கைப்பேசியில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் ஆறு எண்களையும் போட வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

ரகசிய எண்களோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. சாஆ என்ற சிற்றூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருடைய வங்கி அட்டை எண்கள் பதினோரு வயதில் என் தலைக்குள் இருந்தன, ஏனென்றால் பணம் எடுக்கும் இயந்திரத்தில் வருவதைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். டவுனுக்குப் போகும் வேனில் ஏறும்போதே, “ஏய், என் நம்பர் ஞாபகம் இருக்கா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்கள். ஒரு முறை ஓர் அக்காவின் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. எல்லாருடைய பார்வையும் என்மேல் திரும்பியது. எடுத்தது அவர் கணவர் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல பேருக்குத் தெரிந்த ரகசியம் கெட்டுப்போனால், கூட்டத்தில் சின்னவள்தான் முதலில் மாட்டுவாள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வாரம் உழைத்து எல்லாவற்றையும் அமைத்தேன். சோதித்துக் காட்டும் நாளில், சீனப் பெண்மணியான எங்கள் மேலாளரும் கூட்ட அறைக்கு வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஐந்து பேர் எண்களைப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டோம். மேற்பார்வையாளருக்கு மட்டும் திறக்கவில்லை. மூன்று முறை போட்டார், மூன்று முறையும் தவறு என்றது.

“பாருங்க, நான் அப்பவே சொன்னேன்ல?” என்று கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

ஒத்திவைத்துவிடலாமா என்று மேலாளர் என்னைக் கேட்டார். அப்போதுதான் மேசைமேல் கிடந்த கைப்பேசி கண்ணில் பட்டது.

“அண்ணே, உங்க போன்ல மணி என்ன?”

“பத்து நாப்பது.”

“செவத்துல பத்து இருபத்தஞ்சுதானே ஆகுது?”

வாரத்தில் மூன்று நாள் அவர் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போகிறவர். எல்லைப் பாலத்தில் நெரிசலுக்கு முந்திக்கொள்ள, கைப்பேசிக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் கூட்டி வைத்திருந்தார். அந்த ஆறு எண்கள் நேரத்தை வைத்துத்தான் உருவாகின்றன. அவருடைய கைப்பேசி இன்னும் வராத நேரத்துக்கு உரிய எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அலமாக்!” என்று பக்கத்தில் இருந்த மலாய்த் தோழி சிரிக்க, அறையே சிரித்தது. இம்முறை நான் சிரிக்கவில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து வெறும் கடவுச்சொல் போட்டால் யாருக்கும் திறக்கக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டு எழுந்தார்.

மதியம் மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, என் அக்கவுண்டுக்கு மட்டும் அதைக் கழட்டி விட்டுடு.”

“முடியாதுண்ணே.”

“மணியை மாத்தினா நான் ஜாம்ல மாட்டுவேன். காலையில அந்தப் பாலத்துல நின்னு பார்த்திருக்கியா நீ?”

“கைக்கடிகாரத்தைக் கூட்டி வச்சுக்கோங்க. இல்லன்னா குட்டிச் சாவி ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்ல செருகித் தொட்டா போதும். அதுக்கு மணியே பார்க்கத் தெரியாது.”

“நான் சாவி கேக்கல.”

“அப்ப டிக்கெட் போடுங்கண்ணே. கோரிக்கை எழுத்துல பதிவாகி வந்தா மேடம் முடிவு பண்ணுவாங்க.”

“எனக்கே டிக்கெட்டா? அடுத்த வாரம் உன் ஃபாரம் என் மேசைக்குத்தான் வருது, தெரியும்ல?”

“தெரியும். நாளைக்கு உள்ள இருந்து ஏதாச்சும் போச்சுன்னா யாரைக் கேப்பாங்கண்ணே? உங்களையா, என்னையா?”

திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போனவர் அவர்தான். அதற்காகப் பெட்டகத்தில் ஓர் ஓட்டையை விட்டுவைக்க முடியாது. குட்டிச் சாவியை உறையில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் டிக்கெட் போடவில்லை. நானே போட்டேன்: அவர் கேட்டது, கேட்ட நேரம், நான் சொன்ன பதில்.

அடுத்த வாரம் படிவம் வந்தது. ‘ஒத்துழைப்பு போதாது. மேலும் மூன்று மாதம் கவனிக்க வேண்டும்.’ அதன் கீழே, ஏற்கிறேன் என்று நான் கையெழுத்திட ஓர் இடம்.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன்.

“போட்டுடும்மா. கங்காணி நீட்டின தாள்லயெல்லாம் நாங்க கைநாட்டு வைக்கலயா? என்ன கெட்டுப்போச்சு?”

என்ன கெட்டுப்போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்றே அவருக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியாவிட்டால் இத்தனை வருடம் படித்தது எதற்கு?

கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டேன். ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, அந்த டிக்கெட்டையும் இணைத்து, மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். மேலாளருக்கு ஒரு நகல், மேற்பார்வையாளருக்கும் ஒரு நகல். இன்னும் பதில் வரவில்லை. வேலை இருக்குமா என்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை நான்கு மணி ஆனதும், வெறும் கடவுச்சொல்லால் நுழையும் வழியை மூடினேன். முதலில் என் கணக்கு. இரண்டாவது அவருடையது. மற்ற நான்கையும் முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.