வாசிக்க மட்டும் தெரிந்த கொரிய மொழி

ஒரே வாரத்தில் கொரிய எழுத்துகளைக் கற்றேன். வாசிப்பேன், பொருள் தெரியாது. அதை மட்டும் ஓசூர் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

கொரியாவிலிருந்து வந்த புது மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கடகடவென்று வாசித்தேன்.

“கொரியாக்காரியே உங்கிட்ட தோத்தா போடீ! என்னா போட்டிருக்குது?” என்றார் உடன் வேலை செய்யும் காவேரி அக்கா.

“மெஷின் பேருதாங்க்கா.”

மறுநாள் மெஷினை நிறுத்திவிட்டுத் துடைக்கப்போன அக்காவின் வலது கை வெந்துபோனது. நிறுத்தினாலும் அரைமணி நேரம் தொடக்கூடாது என்பதே ஸ்டிக்கரில் இருந்ததாம். கொரிய இன்ஜினியர் பிறகுதான் சொன்னார்.

“ஸ்டிக்கரைப் பாக்கலியா?” என்று சூப்பர்வைசர் அதட்டினார்.

“அதுல பேருதான் சார் இருக்குது. இவ படிச்சா” என்றார் அக்கா. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்காவின் விரல்கள் இனி மடங்காதாம். வேலையும் போய்விட்டது. உண்மையைச் சொல்லத்தான் ஞாயிறுதோறும் மத்திகிரிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். இடது கையால் சோறு போடுகிறார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.