முதல் தட்டு அம்மாவுக்கு

இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் நல்ல மனிதர்தான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் கடையில் சாப்பிட்டவர். கண் கலங்கி, "ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதை உண்ட மகராசி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, "இல்லை சார். எங்கம்மா தினமும் எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டாள். சுடச்சுடச் சாப்பிட்டாள்" என்றேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். செத்தவளைப் புகழ்வதென்றாலும் பட்டினி போட்டுத்தான் புகழ்வார்கள் போலிருக்கிறது.

டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு செக்டர் மார்க்கெட்டில் இருக்கிறது எங்கள் டிபன் கடை. குவார்ட்டர்ஸ் சமையலறையில் இட்லி அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதைக் கடையாக்கினாள். அடுப்படியில் அவள், வாசல் கல்லாவில் அப்பா. முதலில் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், பிறகுதான் தட்டு. அம்மா திருநெல்வேலிக்காரி. இந்தி பேசினாலும் அதிலே ஊர் வாடை அடிக்கும். "ஜல்தி பையா, இட்லி ஆறுதுல்லா" என்று அவள் விரட்டினால் அடுப்படி உதவிக்கு இருந்த பிகார்க்காரப் பையாவுக்கும் புரியும்.

அப்பா மாரடைப்பில் போனார். காரியத்துக்கு ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். எல்லாம் முடிந்து கடை திறப்பதற்கு முந்தின நாள் அம்மாவைக் கூப்பிட்டு, "நீ எப்பவும் போல உள்ளயே இரு. காலைல கோயிலுக்குப் போறவன், ஆபீசுக்குப் போறவன்லாம் வருவான். தாலியறுத்தவ கையாலயா போணி ஆகணும்? வெயில் ஏறுற வரைக்கும் உன் மகன் உட்காரட்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நல்ல எண்ணத்தோடேயே ஒருத்தியை மூலைக்குத் தள்ள இவர்களுக்கு எப்படித்தான் வருகிறதோ. அம்மா உளுந்தைக் களைந்தபடியே, "கடையை நடத்த நான் வேணும், போணிக்கு மட்டும் ஆகாதோ அத்தான்?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அடுப்பைப் பையாவிடம் விட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அம்மா கல்லாவில் உட்கார்ந்தாள். தை மாதக் குளிர். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று வழக்கமான முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கல்லாவைப் பார்த்தன. வாசலிலேயே நின்றுவிட்டன. மப்ளரைச் சரி செய்தார் ஒருவர். அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டார் இன்னொருவர். யாரும் வீட்டுக்குப் போகவுமில்லை, சாம்பார் வாசனை விடாதே! இரண்டாவதாக நுழைய எல்லாருக்கும் சம்மதம், முதல் டோக்கன் வாங்கத்தான் ஆள் இல்லை. பெரியப்பா என்னைப் பார்த்து, நான் சொன்னேனே என்பதுபோலத் தலையாட்டினார். அன்றைக்கு அம்மா எழுந்து உள்ளே போயிருந்தால் அதன் பிறகு அடுப்படியை விட்டு வந்திருக்கவே முடியாது.

அம்மா எழுந்தாள். உள்ளே போய்விடுவாள் என்றே நினைத்தேன். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, காசைக் கல்லாவில் போட்டு, தனக்கே ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டாள். வாசலுக்கு நேரே இருந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். பையா திகைத்துப்போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இட்லியைச் சாம்பாரில் பிட்டுப் பிட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சட்னி கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு கை கழுவி, கல்லாவுக்குத் திரும்பி வந்து, வாசலைப் பார்த்து, "போணி ஆயிட்டு. பசிக்கவங்க வாங்க" என்றாள். மப்ளர்க்காரர்தான் முதலில் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாகப் பெரியப்பா நேராக மேசைக்குப் போனார். அம்மா விடவில்லை. "டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க அத்தான்" என்றாள். வாங்கினார் மனுஷன், அவள் கையாலேயே.

அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் கடையின் முதல் தட்டு அவளுடையதுதான். காய்ச்சலானாலும் அரை இட்லியாவது தின்றுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவாள். நான் புருஷனை விட்டுவிட்டு ஜனக்புரியிலிருந்து பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கும் ஏன் என்று கேட்கவில்லை. "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றாள். சொந்தக்காரர்கள் என்னை வாழாவெட்டி என்றபோது, "எவன் வீட்டுச் சோத்தைத் திங்கா அவ?" என்று போனிலேயே ஏசினாள். அப்படிப்பட்டவளைத்தான் அந்தக் கூட்டத்தில் தியாகச் சுடராக்கி, மாலை போட்டு, வாயை அடைக்கப் பார்த்தார்கள். எங்கம்மா தியாகி இல்லை. பசித்தால் சாப்பிட்டவள்.

கூட்டம் முடிந்து அண்ணனோடு ஆட்டோவில் திரும்பினேன். நாளைக்குக் கடை திறக்க வேண்டும், இனி கல்லா என் பொறுப்பு. அண்ணன் தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதே. கடை திறக்கிற நாளும் அதுவுமா முதல் டோக்கனுக்கு யாராவது சுமங்கலியாப் பார்த்து வரச் சொல்லட்டுமா? உனக்காகத்தான் சொல்றேன்" என்றான்.

"வேண்டாம்டா. காலையிலே எனக்குப் பசிக்கும்" என்றேன்.