மட்டாஞ்சேரியின் கம்பளிக் கோட்டு

கொச்சியில், மட்டாஞ்சேரி வெக்கையில் யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருள் எங்கள் அலுவலகச் சுவரில் இன்றும் தொங்குகிறது. கறுப்புக் கம்பளிக் கோட்டு. மிளகுக் கிடங்கின் மாடியில், ஒற்றை அறையில் இயங்கும் சிறு மீனவர் கூட்டமைப்பு எங்களுடையது. வெளிநாடுகளில் நடக்கும் வர்த்தகப் பேச்சில் நம் கடலைப் பற்றி என்ன முடிவாகிறதென்று பார்ப்பதும், முடிவாகுமுன் போய்ச் சத்தம் போடுவதும் எங்கள் வேலை. ஆளுக்கொரு கோட்டு வாங்க வழியில்லாததால், யாருக்கும் சேரும்படி பெரிய அளவில், பழைய துணிக்கடையில் இதை வாங்கி வந்தவர் இத்தா.

இத்தா எங்கள் செயலாளர். எங்கள் எல்லோருக்கும் அக்கா முறை. வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். பேச்சில் ஒன்றிரண்டு மலையாளச் சொல் கலக்கும், கோபம் வந்தால் மலையாளமே கொட்டும். பேச்சு நடக்கும் ஜெனீவாவுக்கு யார் புறப்பட்டாலும், வியர்க்க வியர்க்க இந்தக் கோட்டை மாட்டிவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு, "ஆ, இப்ப மந்திரி மாதிரி இருக்கு" என்பார். பூச்சி அரிக்காமலிருக்கப் பைகளில் ஒரு பிடி மிளகு வேறு. தானும் ஒருமுறை போகவேண்டும், பனியைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு யாரையாவது அனுப்பிவிட்டு, "எனக்கென்ன, அடுத்த தடவை போறேன்" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் அவர் முறை உண்மையாகவே வந்தது. ஏற்பாடுகள் தொடங்கிய வேளையில் பேச்சுக்கான ஒப்பந்த வரைவு கைக்குக் கிடைத்தது. நிறுத்த வேண்டிய மானியங்களோடு சிறு வள்ளங்களுக்கான மண்ணெண்ணெய் மானியத்தையும் சேர்த்திருந்தார்கள். அது போனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கடலுக்கே போக முடியாது. இத்தா ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். பிறகு பள்ளுருத்தியில் மீன் விற்கும் சேச்சியை வரவழைத்தார். சேச்சியின் கணவரும் மகன்களும் வள்ளத்தில் போகிறவர்கள். "கடல்ல போற வீட்டு ஆளு பேசணும். நான் பேசினா அது கேட்ட கதைதான்" என்று சொல்லி, கோட்டை அவருக்கு மாட்டினார். பொத்தான் போட அன்று இத்தாவுக்கு நேரம் பிடித்தது. துணைக்கு நான் போனேன்.

பேச்சு நடக்கும் அறைக்குள் எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை. வெளியே நடைகூடத்தில் காபி இயந்திரத்தருகே காத்திருந்து, வெளியே வருகிறவர்களைப் பிடிக்கவேண்டும். நம் நாட்டு அதிகாரி ஒருவர், மதுரைப் பக்கத்துக்காரர், முகத்தை விட்டுக் கோட்டைத்தான் அடையாளம் கண்டார். "என்ன, கொச்சி வந்தாச்சா? கோட்டு அதேதான், ஆள்தான் மாறுது" என்று சிரித்தார். சேச்சி சிரிக்கவில்லை.

"சாரே, பெரிய கப்பலும் எங்க வள்ளமும் ஒண்ணா? மண்ணெண்ணெய் நின்னா எம் மக்க கரையில உக்காந்து என்ன செய்யும்?"

அவர் காபி ஆறும்வரை நின்று கேட்டார். இரண்டொரு நாளில் அந்தப் பகுதியை நிறைவேற்றாமல், பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். எங்களால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். பல நாட்டுச் சங்கத்தாரும் அதே நடைகூடத்தில் கால்கடுக்க நின்றவர்கள்தான். சேச்சி வாசலுக்கு வந்து, கொட்டும் பனியில் நின்று அழுதார்.

இத்தாவுக்குப் போன் போட்டோம். "படச்சவனே" என்று பெருமூச்சு விட்டார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அங்க மஞ்ஞு பெய்யுதா?" என்றார். பனியைத்தான் கேட்டார்.

"பெய்யுது இத்தா. கோட்டுத் தோளெல்லாம் வெள்ளை" என்றேன்.

"உதறிடாத, கேட்டோ. அப்படியே கொண்டு வா."

அவருடைய அடுத்த தடவை வரவில்லை. ஒரு மழைக்காலத்தில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் குரல் இல்லாத அந்த அறையில் உட்கார இன்றும் எனக்கு ஒப்பவில்லை. தள்ளிவைத்த பேச்சு இன்னும் முடியவில்லை. இந்தக் குளிருக்கு நான் மறுபடி போகிறேன். நேற்று கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, நானே கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டேன். பழைய சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து தோளெல்லாம் வெள்ளையாக இருந்தது. தட்டப் போன கையை இறக்கிக்கொண்டேன்.