யூரியா, கல்ச்சர், சொசைட்டி

இன்று விழுப்புரத்தில் ஒரு கவுன்ட்டரில்...

மூன்று வருஷமாக நான் கட்டிக் காத்த பொய், ஒரே நிமிஷத்தில் முடிந்துபோனது.

டிகிரியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போயிருந்தேன். துணைக்கு அப்பா. (வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. சர்டிபிகேட் கவரை என்னிடம்கூடக் கொடுக்காமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.)

கவுன்ட்டரில் இருந்த கிளார்க் அம்மா சர்டிபிகேட்டை நிதானமாகப் படித்தார்.

“பி.ஏ. யூரோப்பியன் கல்ச்சர் அண்ட் சொசைட்டி. இது என்னாம்மா படிப்பு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அக்ரிங்க.”

இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் ஓமந்தூர் பக்கம். மல்லாட்டை விவசாயம். (வேர்க்கடலை என்று சொல்பவர்களும் இந்தப் பதிவைப் படிக்கலாம்.)

பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் மோட்டார் கொட்டகையில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னது: யூரோப்பியன் கல்ச்சர் அண்ட் சொசைட்டி.

அவர் காதில் விழுந்தது: யூரியா, அக்ரிகல்ச்சர், சொசைட்டி.

(எங்கள் ஊரில் சொசைட்டி என்றால் உரம் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம். வேறு அர்த்தம் கிடையாது.)

“எல்லாம் நமக்கு வேணுங்கறதுதான். சேந்துடும்மா” என்றார்.

ஐரோப்பாவைப் படிக்க இவ்வளவு லேசில் சம்மதிக்கிற அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று ஹாஸ்டல் முழுக்கப் பெருமையடித்தேன்.

முதல் லீவில் வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து நிலத்து ஏழுமலை மாமா, வேரோடு பிடுங்கிய மல்லாட்டைச் செடியோடு வாசலில் நின்றார்.

“பாப்பா, இலையெல்லாம் புள்ளி புள்ளியா இருக்குது. இன்னா மருந்து அடிக்கறது?”

அப்பா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். அந்த முகத்தைப் பார்த்து, நான் படிப்பது வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசையைப் பற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

“திங்கக்கிழமை சொல்றேன் மாமா. புக்கு ஹாஸ்டல்ல இருக்குது.”

என் ரூம்மேட்டின் அண்ணன் நிஜமாகவே அக்ரி படித்துக்கொண்டிருந்தார். நான் போனில் இலையை வர்ணிப்பேன். அவர் மருந்து சொல்வார். நான் அப்பாவிடம் சொல்வேன். அப்பா ஊருக்குச் சொல்வார்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. வார நாளில் பிரெஞ்சுப் புரட்சி, சனி ஞாயிறில் இலைப்புள்ளி. ஜிப்சம் எப்போது போடுவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (நாற்பத்தைந்தாம் நாள், மண் அணைக்கும்போது.)

இப்போது கவுன்ட்டருக்குத் திரும்புவோம்.

“அக்ரி இல்லீங்க ஐயா. இது யூரோப்பு. வெள்ளைக்காரங்க பழக்கவழக்கம், ராஜா, சர்ச்சு, அந்த மாதிரி படிப்பு. அப்படித்தானம்மா?”

“ஆமாங்க” என்றேன்.

அப்பா “ஓ” என்றார்.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு நெருங்கும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டனேம்மா.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அன்னிக்கே சொல்லியிருக்கணும்பா. பயந்துட்டேன்.”

“அப்ப மருந்துலாம்?”

“ரூம்மேட்டோட அண்ணன் சொன்னது. அவரு நெஜமாவே அக்ரி. எதுவும் தப்பா சொல்லலபா.”

“பயிரு நல்லாத்தான் வந்துச்சு” என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“வெள்ளக்காரனப் பத்தி மூணு வருஷம் படிக்கறதுக்கு இன்னா இருக்குது?”

இதற்கு மட்டும் என்னிடம் சொந்தமாக ஒரு பதில் இருந்தது. கடைசி வருஷ ப்ராஜெக்ட்.

“மல்லாட்டை நம்ம ஊருதே இல்லபா. தென் அமெரிக்காவுல விளைஞ்சிக்கினு இருந்துச்சு. யூரோப்புக்காரங்க கப்பல்ல ஏத்திக்கினு நாடு நாடா கொண்டு போனாங்க. மணிலான்னு ஒரு ஊரு. அங்கேர்ந்து வந்ததுன்னு நம்மாளுங்க மணிலாக்கொட்டைன்னாங்க. அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டை ஆயிடுச்சு.”

அப்பா ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார்.

“மார்க்கெட் கமிட்டில மூட்டைய போட்டா மணிலான்னுதான் எழுதறான்.”

“அதான்பா.”

“நான் மில்லுக்காரன் பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

பிறகு ஒரு விசாரணை.

“இத பரீட்சைக்கு எழுதினியா?”

“இருவது பக்கம் எழுதினேன்.”

“மார்க்கு?”

“கிளாஸ்ல ஃபர்ஸ்ட்.”

“அப்புறம் இன்னா. அக்ரிகல்ச்சர்தான்.”

சொல்லிவிட்டு, சர்டிபிகேட் கவரை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கவுன்ட்டரை விட்டு வந்ததிலிருந்து அது என்னிடம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

திண்டிவனத்தில் இறங்கினால் எதிரே ஏழுமலை மாமா.

“இன்னா, பாப்பா படிப்ப பதிஞ்சாச்சா?”

“ஆச்சு. அக்ரிதான். ஆனா ஃபாரின் அக்ரி” என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

“அப்ப நாளைக்கு காலைல செடி எடுத்துக்கினு வர்றேன்.”

ரூம்மேட்டின் அண்ணன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். போன் எடுப்பதில்லை.

ஆகவே நண்பர்களே, இந்தப் பதிவின் உண்மையான நோக்கம் இதுதான். நிஜமாகவே அக்ரி படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மாமா சொன்ன அடையாளம்: கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், அடி இலையில் ஆரம்பிக்கிறதாம்.

விடிவதற்குள் இன்பாக்ஸுக்கு வரவும். பதிலுக்கு பிரெஞ்சுப் புரட்சியில் எந்தச் சந்தேகம் இருந்தாலும் தீர்த்து வைக்கிறேன்.