பூஜப்புரை மைதானத்தில் அம்மா பாடியது

வலியசாலையில் எங்கள் தெருவில் கால்பந்து பார்க்கிற மாமிகள் இரண்டு மூன்று பேர் இருந்திருக்கலாம். அதை வெளியே சொல்லிக்கொண்டவள் எங்கள் அம்மா ஒருத்திதான். அவளுக்கு அர்ஜென்டினா பிடிக்கும். காரணம் கேட்டால், தான் படித்த பள்ளிக்கூடத்து யூனிபார்மும் அவர்கள் சட்டை மாதிரியே நீலவெள்ளை என்பாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அப்பா இரண்டு தடவை காகிதத்தில் கோடு போட்டு விளக்கியிருக்கிறார். அது ரெஃப்ரிக்குத் தெரிந்தால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

சூப்பர் ஹீரோக்கள் விஷயத்திலும் அவள் ரசனை அந்த அளவில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஆகாயத்தில் பறக்கிறவர்களும் சுவரில் ஏறுகிறவர்களும் வந்தால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். பறக்கிறவனுக்கு அங்கவஸ்திரம் எதற்கு, மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று கவலைப்படுவாள். காஸ் சிலிண்டரை நகர்த்த வேண்டிய நாட்களில் குளியல் துண்டை முதுகுப்பக்கம் தொங்கும்படி கழுத்தில் கட்டிக்கொண்டு வருவாள். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் விழுவேன். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்த அத்தை, இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி சுலோகப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

பாட்டு மட்டும் கொஞ்சம் வேறு. கல்யாணத்துக்கு முன்பு காலேஜில் நண்பர்களோடு சேர்ந்து அம்மா பாடியிருக்கிறாள். யாரோ நீளமுடிக்காரர்கள் எங்கோ குளிர்தேசத்தில் நாற்பது வருஷத்துக்கு முன் பாடிய இங்கிலீஷ் பாட்டுகள். அவற்றைப் பதிந்த பதினாறு கேசட்டுகளும் ஒரு டேப் ரெக்கார்டரும் வெள்ளிப் பாத்திரங்களோடு புக்ககத்துக்கு வந்தன. மாவு அரைக்கும்போது போடுவாள். கிரைண்டர் சத்தத்தில் அத்தைக்குக் கேட்காது என்பது அவள் கணக்கு. நடுவில் கிடார் மட்டும் தனியாக வரும் இடத்தில் அவளே வாயால் வாசிப்பாள், மாவுக்கையைக் காற்றில் ஆட்டியபடி. நவராத்திரிக் கொலுவில் அதே குரல் கீர்த்தனை பாடும்போது தெரு முழுக்க மெச்சும், அத்தைக்குப் பெருமை தாங்காது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் உலகக் கோப்பை வந்தது. பள்ளிக்கூடம் திறந்து, மழையும் பிடித்துக்கொண்ட சமயம். முக்குக்கு முக்கு நீலவெள்ளைத் தோரணமும் மஞ்சள் தோரணமும் நனைந்து தொங்கின. அர்ஜென்டினா கால் இறுதிக்கு வந்தபோது, பூஜப்புரை மைதானத்தில் யாரோ இளைஞர்கள் சேர்ந்து பெரிய திரை கட்டினார்கள். ஆட்டம் தொடங்கும் முன் கொஞ்ச நேரம் பாட்டு. பாடப்போகிறவர்கள் அம்மாவின் பழைய காலேஜ் கோஷ்டி. இப்போது பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர்கள். கீபோர்டு வாசிக்கும் தோழி போன் பண்ணி, ஒரே ஒரு பாட்டுக்காவது வா என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா மூன்று நாள் யோசித்தாள். பிறகு, கரமனையில் மாமா வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று அத்தையிடம் சொன்னாள். மாமா வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் மார்கழியில் என்று எனக்குத் தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையில் பாவாடையைக்கூட நானே மாற்றிக்கொண்டேன்.

ஆட்டோவில் போனோம். மைதானத்தில் சேறு. நீலவெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அம்மாவின் தோழி என்னை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் கடலைப் பொட்டலம் கொடுத்தாள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவைத் தவிர வேறு ஆண்பிள்ளை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவள் பாடியது எனக்குப் பழக்கமான பாட்டுத்தான். மாவு அரைக்கிறபோது எத்தனையோ தடவை கேட்டது. ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அது வயிற்றிலிருந்து வந்தது. ஒரு இடத்தில் கிட்டத்தட்டக் கத்தினாள், கண்ணை மூடிக்கொண்டு. தூறல் விழுந்தது. அவள் நகரவில்லை. கால்பந்து பார்க்க வந்த பையன்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்கள், அப்புறம் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்கள். பாட்டு முடிந்தபோது அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலைப் பொட்டலம் சேற்றில் விழுந்தது.

கீழே வந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கோவளத்தில் ஒரு ஹோட்டலில் மாதம் ஒரு சனிக்கிழமை வாசிக்கிறோம், நீயும் வந்துவிடு என்று தாடிக்காரர் மலையாளத்தில் சொன்னார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, "நோக்காம்" என்றாள். பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பார்க்கலாம் என்றால் மாட்டோம் என்றுதான் பொருள். அம்மா அன்று சொன்னது அந்தப் பார்க்கலாம் இல்லை என்று ஒன்பது வயதுக்கே புரிந்தது.

ஆட்டத்துக்கு நிற்காமல் எட்டு மணிக்குள் வீடு வந்து சேர்ந்தோம். அர்ஜென்டினா நாலு கோல் வாங்கித் தோற்றது. அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இருக்கவில்லை. மறுநாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பினாள். எனக்குள் பயம் ஊறத் தொடங்கியது. இந்த அம்மா ஒரு சனிக்கிழமை கோவளம் போவாள், பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போவாள், கடைசியில் வராமலே இருந்துவிடுவாள் என்று மனசு ஒவ்வொரு படியாக ஏறிப்போனது.

திங்கட்கிழமை காலை அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிறந்தநாளுக்கு என்ன பட்சணம் போட்டார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பால்பாயசம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேடை, தாடிக்காரர், பேர் சொல்லிக் கூப்பிட்டது, கோவளம். அத்தையின் கை பின்னலில் அப்படியே நின்றது. பிறகு ரிப்பனை இறுக்கமாகக் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்றாள்.

அன்று சாயங்காலம் பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அப்பா அரசாங்க ஆபீசில் செக்ஷன் ஆபீசர், கெட்ட மனுஷர் இல்லை. மோர்சாதம் வரைக்கும் எப்போதும்போல் சாப்பிட்டார். அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொய் சொல்லிட்டா போகணும்?"

அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் மோர் விட்டாள்.

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல்லை. ஆனா தெருவுல நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இனிமே வேண்டாம், கேட்டியா."

"சரி," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அம்மா எச்சில் இலைகளை எடுத்துப் போட்டாள், அடுக்களையை மெழுகினாள், மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டாள். சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அடிப்பாள் என்று காத்திருந்தேன். பாயை விரித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயந்துட்டியா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். "நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்டி," என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

டேப் ரெக்கார்டரை யாரும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அவளே துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். மறுநாள் கிரைண்டர் தனியாக ஓடியது. அந்த உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். அப்பா இரண்டு தடவை உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவள் வந்து கதவோரம் நின்று, யார் ஜெயித்தால் என்ன என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சிலிண்டரை நகர்த்தப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தோம். கொலுவில் மட்டும் வருஷாவருஷம் பாடினாள், சுருதி பிசகாமல். எல்லோரும் மெச்சினார்கள்.

காலேஜில் சேர்ந்த வருஷம் பரணை ஒழித்தபோது அந்தக் கேசட்டுகளைப் பார்த்தேன். ஏழெட்டு மழைக்காலம் தாண்டியிருந்தன. நாடாவெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. கீழே கொண்டுவந்து காட்டினேன். அம்மா ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். குப்பைக்காரன் நாளைக்குத்தான் வருவான், வாசலில் வை என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவளுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. நான் இன்னும் கேட்கவில்லை.

இன்று அதை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது மைதானம் இல்லை. அந்தத் திங்கட்கிழமை கழிந்து நாலு நாள் இருக்கும். ஹாலில் போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நான் எடுத்தேன். அம்மாவின் தோழிதான். கோவளத்து முதல் சனிக்கிழமைக்கு இன்னும் பதில் வரவில்லையே, அம்மாவிடம் கொடு மோளே என்றாள். ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அடுக்களை வாசலில் அம்மா ஈரக்கையோடு நின்றாள். நான் யாரென்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ஒத்தாசை செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. நல்ல தெளிவான மலையாளத்தில், "அம்ம இவிடெ இல்லா," என்றேன். அம்மா இங்கே இல்லை.

எப்போது வருவாள் என்று தோழி கேட்டாள். தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டதாக நான் அன்று நினைத்துக்கொண்டேன்.