வாஷிங் மெஷினோடு வந்த புத்தகம்

எனக்கு ஐம்பத்தொரு வயதில் கல்யாணம் ஆனது. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் டீச்சர். அவர் மாட்டுங்காவில் வளர்ந்தவர், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. மனைவி போனபிறகு செம்பூர் ஃபிளாட்டில் பல வருஷம் தனியாகவே இருந்தார். புனேயில் வேலை பார்க்கும் அவருடைய மகளுக்கு என்கூட வேலை பார்க்கும் டீச்சரின் மகள் சிநேகிதி. பேச்சு அந்த வழியாகத்தான் வந்தது. என்னை முதலில் பார்க்க வந்ததும் அந்தப் பெண்தான். “அப்பா ரொம்ப நல்லவர் ஆன்ட்டி. ஆனா எல்லாமே மெதுவாத்தான் செய்வார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எவ்வளவு மெதுவாக என்பது வாஷிங் மெஷின் வாங்கியபோது தெரிந்தது.

அதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் பொருள். கடையில் நான் விலையையும் கலரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்காரரிடம், பெட்டிக்குள் மெஷினை ஓட்டும் முறை போட்ட புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி யாரும் கடைக்காரரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, இருக்கும் சார், எல்லாப் பெட்டியிலும் இருக்கும் என்றார்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து குழாயை மாட்டினார். துணி போடாமல் ஒரு தரம் ஓடவிட்டு, முதலில் இதை அமுக்குங்கள், பிறகு இதை, அவ்வளவுதான் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது போதும். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கையில் புத்தகத்தோடு நின்றார்.

“படிச்சுட்டுப் போடலாமே” என்றார்.

தாராவியில் எங்கள் வீட்டு வரிசையில் புதிதாக ஒரு பொருள் வந்தால் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் மிக்ஸி வந்த அன்று பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே வாசலில் நாலு பேர் நின்றார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் அதே மிக்ஸி இருந்தது. அவரே உள்ளே வந்து ஜாரை மாட்டி, திருகிக் காட்டி, தேங்காய் அரைத்தும் கொடுத்துவிட்டார். அதோடு வந்த புத்தகத்தின் தாள் வழவழப்பாக இருந்ததால் அம்மா அதை மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிட்டாள். நானும் அப்படித்தான். பரீட்சை அன்று பிள்ளைகளிடம் கேள்வித்தாளை இரண்டு தரம் படித்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்கிற நான், வாங்கிய எந்தப் பொருளின் புத்தகத்தையும் ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

அவர் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்து சில பக்கங்கள் படித்தார். தரை மட்டமாக இருக்கவேண்டும் என்று போட்டிருந்ததாம். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து மெஷின்மேல் வைத்து, குனிந்து குனிந்து பார்த்தார். மறுநாள் சோப்புப் பவுடர் பற்றிய பக்கம். அதற்குள் கூடை நிரம்பி, துணி கட்டிலுக்குப் பக்கத்திலும் குவிந்துவிட்டது. ஒருநாள் காலையில் பொறுக்கமுடியாமல் என் சேலைகளைப் பாத்ரூமில் வைத்துக் கையாலேயே துவைத்தேன். சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். அன்று சாயங்காலம் டிவிகூடப் போடாமல் படித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவர் காய்கறி வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனார். அப்படியே தன் அக்கா வீட்டுக்கும் போய்விட்டுத்தான் வருவார். அவர் லிஃப்டில் இறங்கிய சத்தம் கேட்டதும் கூடையை அப்படியே மெஷினுக்குள் கொட்டி, அந்த ஆள் காட்டிய இரண்டு பொத்தானையும் அமுக்கினேன். மெஷின் தண்ணீர் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சாயம் போகும் என்னுடைய நீலச் சுங்குடிச் சேலையும் அதில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நிறுத்தலாம் என்று ஒன்றை அமுக்கினேன். நிற்கவில்லை. கையில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். மெஷின் கீச்கீச்சென்று கத்தியது, சுற்றுவது நின்றது, சி, எல் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து எரிந்தது. அதற்குப் பிறகு எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. கதவும் திறக்கவில்லை. அவருடைய வெள்ளை வேட்டி என் கண்முன்னாலேயே கண்ணாடிக்குப் பின்னால் நீலமாகிக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். சுவிட்சை அணைத்துப் போடு என்றான். போட்டேன். அதே இரண்டு எழுத்து. தாராவி என்றால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருப்பேன். இங்கே எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில் வேறு. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எதிர் ஃபிளாட் அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், பேசினதில்லை.

வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தேன். பல பாஷைகளுக்குப் பிறகு கடைசியில் தமிழ் இருந்தது. ‘சலவைச் சுழற்சி நடைபெறுகையில் கதவானது திறக்கப்படலாகாது’ என்று போட்டிருந்தது. ஏற்கெனவே திறக்காத கதவைத் திறக்கக்கூடாது என்றால் என்ன செய்வது? ஒரு பக்கத்தில் ‘குழந்தைப் பூட்டு’ என்று தலைப்பு. குழந்தை இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் எதிர் ஃபிளாட் பெல்லை அடித்தேன். மராத்திக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் அமுக்கின பொத்தான்களையே அவரும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டு மாமியிடம் மெஷின் இருக்கிறது, கூப்பிடுகிறேன் என்று போனார். பாலக்காட்டு மாமி வந்தார். அவருடையது வேறு மாதிரி மெஷின், ஆனால் விடவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, கண்ணாடி கொண்டுவரவில்லையே என்று தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மராத்திக்கார அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவருடைய மனைவி தவறின அன்றைக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் இப்போதுதான் வருகிறேன் என்று மெல்லச் சொன்னார். இவர் லிஃப்டில் பார்த்தால் குட்மார்னிங் சொல்வாராம், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாதாம்.

அப்போதுதான் அவர் பையோடு உள்ளே வந்தார். மூன்று பெண்கள் மெஷினைச் சுற்றி நிற்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“நான்தான் போட்டேன். படிக்கலை” என்றேன்.

மெஷின் கதவின் கண்ணாடி வழியாக வேட்டியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். “புக் எங்கே?” என்று மட்டும் கேட்டார். மாமி நீட்டினார். அவர் தேடவே இல்லை, நேராக இங்கிலீஷில் ‘சைல்டு லாக்’ என்று போட்டிருந்த பக்கத்தைத் திறந்தார். இந்த இரண்டு பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்கவேண்டும் என்று எனக்குத் தமிழிலும் அந்த அம்மாவுக்கு இந்தியிலும் சொன்னார். நான் பிடித்தேன். எழுத்து அணைந்தது. அடுத்த வரியை அவர் படிக்க, மாமி அமுக்கினார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கதவும் திறந்தது.

வேட்டியை வெளியே எடுத்தேன். நல்ல ஆகாய நீலம். உங்களுக்கு இந்தக் கலர்தான் எடுப்பாக இருக்கும் என்று மராத்திக்கார அம்மா அவரிடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். ஒருமணி நேரத்துக்குமேல் இருந்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பால்கனியில் துணி காயப்போடும்போது அவர் கிளிப்பை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னார்.

“அவ போனப்புறம் இந்த ஆத்துல எது எப்படி ஓடறதுன்னே எனக்குத் தெரியாது. குக்கர்ல சாதம் வைக்கறது அந்தக் குக்கரோட புக்கைப் பாத்துக் கத்துண்டதுதான். பக்கத்துல போய்க் கேக்கக் கூச்சம். இந்த வயசுல இதுகூடத் தெரியாதான்னு நினைப்பாளேன்னு. புக்குக்கு அதெல்லாம் இல்லையே. முதல்ல இது, அப்புறம் இதுன்னு பொறுமையா சொல்லும்.”

கேட்க ஆளிருக்கிற இடத்திலேயே நான் வளர்ந்தேன். அதனால் படிக்கவேண்டி வரவில்லை. அவருக்குப் படிக்கவேண்டி வந்தது. இத்தனை நாள் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

“எனக்கு உக்காந்து படிக்கப் பொறுமை கிடையாது. நீங்க படிச்சுச் சொல்லுங்க, நான் அமுக்குதேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் மெஷினுக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். குழந்தைப் பூட்டுப் பக்கத்தை நான் தள்ளிவிட்டதைச் சொன்னபோது, அந்தத் தமிழ்ப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததில் வீட்டுத் தமிழைப் பேசத்தான் வரும் என்றார். நான் அந்தத் தமிழை, வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். கதவானது திறக்கப்படலாகாது என்ற இடம் வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த வாரம் மாமி புது பிரஷர் பார்க்கும் மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பிறகு மராத்திக்கார அம்மா, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பின ஏர் ஃபிரையரோடு வந்தார். மாதக்கணக்காக அது பிரிக்காமலே கிடந்ததாம். இவர் படிப்பார், அவர்கள் சந்தேகம் கேட்பார்கள், இவருக்கும் தெரியாததை நான் அமுக்கிப் பார்ப்பேன். இப்போது சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கிரில் திறந்துதான் இருக்கிறது.

போன கோடையில் தம்பி ஏர் கூலர் வாங்கினான். நாங்கள் தாராவிக்குப் போனபோது பெட்டியை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். சின்ன அறைக்குள் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். தம்பி மகள் யாரையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. போனில் யாரோ பேசுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே மாட்டினாள். இவர் மட்டும் ஓரமாக நின்று புத்தகத்தைத் திறந்தார்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் அத்தான். இங்க வந்து காத்துல உக்காருங்க” என்றான் தம்பி.

இவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தைத் தூக்கிக் கூலரில் தண்ணீர் ஊற்றத் தயாரானாள்.

“எந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும்?” என்று அவளிடம் கேட்டார்.

அவள் குனிந்து ஒரு கோட்டைக் காட்டினாள். “இதுக்கு மேல போனா தரையெல்லாம் வழியும், எங்க வீட்டுல பாத்துருக்கேன்” என்றாள். இவர் தலையாட்டிவிட்டுப் புத்தகத்திலிருந்து விரலை எடுத்தார்.