தஞ்சோங் காராங்கில் நின்ற கார்

எனக்கு அப்போது எட்டு வயது. வயதைவிட வாய் பெரியது. சிறுநீர்ப்பையோ மிகச் சிறியது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ராவாங்கிலிருந்து சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அப்பாவின் பழைய காரில் புறப்பட்டேன்.

அம்மாவின் ஒரே தங்கையை, என் சின்னம்மாவை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "அக்கா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று முதல்நாள் மாலை சேதி வந்தது. நினைவு தப்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் அப்பா காரை ஓட்டவில்லை, விரட்டினார்.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டுவதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா, அவசரம்!"

"அடக்குடா."

"அடங்க மாட்டேங்குதுப்பா."

"நீயே அடங்க மாட்டே, அது எங்க அடங்கப் போவுது?"

"பாவம்ங்க, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றார் அம்மா.

"ஒரு நிமிஷமும் கிடையாது. உன் தங்கச்சி உன்னைப் பாக்க வேணாமா?"

அம்மா காலிப் பால் டின் ஒன்றைப் பின்னால் நீட்டினார். அப்பா செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை வளைத்து வளைத்து முந்திக்கொண்டிருந்தார். நான் குறிபார்த்ததில் பாதி டின்னுக்கும் மீதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்காவின் பாவாடைக்கும் போய்ச் சேர்ந்தது. "எருமை!" என்று அக்கா தலையில் குட்டினாள். கலங்கிப்போயிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

கோலா சிலாங்கூரில் பெட்ரோல் போட நின்றபோது, அப்பா அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைக் கூப்பிட்டார். காருக்குள்ளிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நான் செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, கிராணியா? வந்துக்கிட்டே இருக்கோம்லா!" என்று நடித்துக் காட்டினேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அம்மா, அப்பா வந்து உட்கார்ந்ததும்.

"லைன் சரியில்ல."

அதற்குப் பிறகு கார் ஊர்ந்தது. நாங்கள் முந்திய லோரிகளெல்லாம் ஹார்ன் அடித்தபடி எங்களை முந்திப் போயின. "ஐயோ, தோத்துட்டோம்ப்பா!" என்று நான் கத்தினேன்.

தஞ்சோங் காராங்கில், நான் கேட்காமலேயே, ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் காரை நிறுத்தினார் அப்பா.

"மீ கோரேங் சாப்பிடுறியா?"

"ரெண்டு முட்டை போட்டு!" என்றேன், கிடைக்காது என்று தெரிந்தே.

"போடச் சொல்லுடா."

என் வாய்க்குக் கிடைத்த மாபெரும் வெற்றி என்று நினைத்தேன். அம்மா மட்டும் உட்காரவில்லை.

"நேரமாவுதேங்க. அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம். என் தங்கச்சி வீட்டுல சோறா கிடைக்காது?"

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு அங்க அடுப்பு எரியாது. நீ சாப்பிடு."

"ஏன், மண்ணெண்ணெய் தீந்துபோச்சா?" என்றேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். நின்றவர் மெதுவாக உட்கார்ந்தார். காரமாக வறுத்த நூடுல்ஸ் தட்டு வந்தது. அப்பா சொன்னதற்காகவோ என்னவோ, தலையை நிமிர்த்தாமல் ஒவ்வொரு வாயாக முழுவதும் சாப்பிட்டு முடித்தார். இடையிடையே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று என் ஐஸ் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினேன். அதையும் குடித்தார்.

காரில் ஏறுவதற்கு முன் அம்மா தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்து இருக்கையில் வைத்தார். நான் விடுவேனா? அதை எடுத்துக் காதில் சுற்றிக்கொண்டு, பின்சீட்டில் கல்யாணப் பெண்ணாகக் குனிந்தும் நெளிந்தும் காட்டினேன். செக்கிஞ்சான் வயல்வெளி நெடுக ஆடினேன். அப்பா அதட்டவில்லை. அக்கா குட்டவில்லை. அம்மா திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையான ரசிகர்கள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை என்று எண்ணி, இன்னும் பலமாக ஆடினேன்.